மஞ்சள் நூல்

மேற்கு மலையின் அடிவாரத்தில் ஒரு மருந்துச்சாலை இருந்தது. அதை நடத்தியவர் கோமதியம்மாள். நாற்பது வயது இருக்கும். வைத்தியத்தைத் தகப்பனாரிடம் படித்தவர். பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு.

அவரிடம் மூன்று சீடர்கள் இருந்தார்கள். மூவரில் மூத்தவர் சங்கிலி. படிப்பில் அல்ல, வயதில். குருவைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். தலை நரைத்த பிறகு பாடம் படிக்க வந்த மனுஷன் என்று ஊரில் கேலி செய்தார்கள். அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

அந்தச் சாலையில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் மருந்தறைச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு அம்மாள் படியில் உட்கார்ந்திருப்பார். சீடர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான்.

"ராத்திரி ஒறங்கினீரா?"

உறங்கினேன் என்றால் உள்ளே போகலாம். இல்லை என்றால் அன்றைக்கு மருந்தைத் தொடக் கூடாது. விறகு வெட்டலாம், மூலிகைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சலாம். ஏன் உறங்கவில்லை என்று அவர் கேட்கமாட்டார். கோபிக்கவும் மாட்டார்.

எதிரே வருகிறவர்களை எல்லாம் நாம் "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்கிறோம். ஆகவில்லை என்று ஒருவன் சொல்லிவிட்டால் நமக்குத்தான் சங்கடம். அம்மாளின் கேள்வியும் அந்த ரகம் என்றுதான் சங்கிலி வெகுநாள் நினைத்திருந்தார்.

அவருக்கு உறக்கத்தின் மேல் தீராத பகை. அதற்குக் காரணம் இருந்தது. முன்பு அவர் உப்பு வியாபாரி. மனைவி காய்ச்சலில் விழுந்தபோது ஐந்து நாள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் சுவரில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது அவள் போயிருந்தாள். தலைமாட்டில் செம்பு கவிழ்ந்து கிடந்தது. தண்ணீருக்குக் கை நீட்டியிருக்கிறாள்.

அந்தக் கவிழ்ந்த செம்புதான் அவரை வியாபாரத்தை விடச் சொல்லி மலையடிவாரத்துக்குத் துரத்தியது.

வந்த வருஷமே அவர் அம்மாளிடம் கேட்டார்.

"ஒறக்கத்தை ஜெயிக்க வழி உண்டாம்மா?"

"எதுக்கு?"

"மனுஷ ஆயுசுல மூணுல ஒரு பங்கு வீணாப் போகுது. அந்த நேரத்துல எத்தனை பேருக்கு மருந்து கொடுக்கலாம்!"

அம்மாள் எழுந்தார். மருந்து அரைக்கிற கல்வத்தை எடுத்து அவர் முன் வைத்தார். சரக்கைப் போட்டார். மூலிகைச் சாறு விட்டார்.

"அரையும். நான் சொல்லுத வரைக்கும் நிறுத்தாதீரும்."

சங்கிலி காலையிலிருந்து சாயங்காலம் வரை அரைத்தார். மறுநாளும் அரைத்தார். நடுவில் கல்லை ஆற விடவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மாள் வந்து கல்வத்தின் அடியைத் தொட்டுப் பார்த்தார். அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மருந்து முழுவதையும் சாம்பல் குழியில் கொட்டினார்.

சங்கிலிக்கு அழுகை வந்துவிட்டது.

"ரெண்டு நாள் உழைப்பும்மா!"

"கல்லு சூடேறிப் போச்சு. சூட்டுல மருந்து முறிஞ்சிரும்."

"நெறம் மாறலையே? மணமும் அப்படியேதானே இருக்கு?"

"மாறாது. மாறினா நான் கொட்ட வேண்டாம், நீரே கொட்டியிருப்பீரு."

சங்கிலி கல்வத்தைக் கழுவி வைத்தார். கல்லைப் பற்றிய பாடம் என்று நினைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இந்த இடத்தில் இல்லை. இந்த இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான்கு வருஷம் கழிந்தது. அந்த ஐப்பசியில் மழை விட்டதும் குளிர்காய்ச்சல் வந்தது. முதலில் மலைக்குக் கீழே இரண்டு ஊர். பிறகு ஏழு ஊர். வண்டி கட்டி வந்தார்கள், தோளில் தூக்கி வந்தார்கள். சாலையின் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. முதல் வாரத்திலேயே மற்ற இரண்டு சீடர்களும் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மிஞ்சியது அம்மாளும் சங்கிலியும்.

பகலெல்லாம் மருந்து கொடுப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அம்மாள் அவரைப் பார்த்துப் "போய்ப் படும்" என்பார். சங்கிலி போவார். போய்ப் பின்பக்கக் கொட்டகையில் கிடக்கிற நோயாளிகளுக்குக் கஞ்சி ஊற்றுவார், நெற்றியில் பற்றுப் போடுவார், தலைமாட்டில் செம்பு செம்பாகத் தண்ணீர் வைப்பார். ஒருவர் தலைமாட்டிலும் செம்பு காலியாகிவிடக் கூடாது. இப்படியே விடிந்துவிடும்.

முதல் நாள் படியில் அம்மாள் கேட்டார்.

"ஒறங்கினீரா?"

சங்கிலி ஒரு கணம் தயங்கினார். முற்றத்தில் முனகல் கேட்டது.

"ஒறங்கினேம்மா."

சாவி கைக்கு வந்தது.

இரண்டாம் நாள் தயக்கம் இல்லை. மூன்றாம் நாள் கேள்வி முடியுமுன் பதில் வந்தது. நல்ல காரியத்துக்குச் சொல்கிற பொய் நாக்கில் சர்க்கரையாகக் கரையும். அதில் ஒரு பெருமைகூட இருந்தது அவருக்கு. ஐம்பத்தாறு வயதில் உடம்பு தன் சொல் கேட்கிறதே என்று.

கேட்கவில்லை. ஐந்தாம் நாள் கஞ்சியில் உப்பை இரண்டு தரம் போட்டார். ஆறாம் நாள் ஒரு கிழவரை எதற்கோ வாயில் வந்தபடி ஏசினார். கிழவர் பயந்துபோய்ச் சுருண்டுகொண்டார். ஏழாம் நாள் மூலிகைத் தோட்டத்தில் நின்றுகொண்டு எதைப் பறிக்க வந்தோம் என்று தெரியாமல் விழித்தார். எட்டாம் நாள் பாலுக்கு உறை ஊற்றும்போது கை ஆடியது. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு சமாதானம் இருந்தது. உப்புக் கல்லு பெரிசு. கிழவர் பிடிவாதம். தோட்டத்தில் களை. கைக்குக் குளிர்.

தூக்கம் கெட்டவனுக்குத் தான் மட்டும் தெளிவாக இருப்பதாகவே தோன்றும். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

இனி நாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாவி ஒரு மலைக்கிழங்கு. பறித்த நிலையில் அது நஞ்சு. நாள்கணக்கில் ஊற வைத்து, கழுவி, உலர்த்திச் சுத்தி செய்தால் மருந்து. காய்ச்சலுக்குச் செய்கிற பொடியில் அதை ஓர் அரிசி எடை மட்டும் சேர்ப்பார்கள். பொடித்துவிட்டால் சுத்தி செய்ததும் செய்யாததும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே அந்தச் சாலையில் நாவிச் சாடியின் வாயைத் துணியால் மூடி நூல் கட்டுவார்கள். சுத்தி ஆகாததற்கு வெள்ளை நூல். சுத்தி ஆனதற்கு மஞ்சள் தோய்த்த நூல். மஞ்சள் நூல் கட்டிய சாடியை யாரும் மறுபடி சோதிப்பதில்லை. கட்டியவரை நம்பி எடுப்பார்கள்.

ஒன்பதாம் நாள் காலை சங்கிலி இரண்டு சாடி கட்டினார்.

முற்பகலில் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு அவள் புருஷன் வந்தான். அவள் பெயர் முப்பிடாதி. அவன் கருத்தபாண்டி. சுண்ணாம்புக் காளவாசலில் வேலை செய்கிறவர்கள். இருவர் கால்களும் வெடித்து வெண்மையாக இருந்தன. அவள் நடந்தே வந்திருந்தாள். காய்ச்சல் அப்படி ஒன்றும் கொடுமையாக இல்லை.

"என்ன செய்யுது தாயி?" என்றார் சங்கிலி.

"ஒறக்கமே இல்ல சாமி. பத்து நாளாச்சு. கண்ண மூடினா குளிரு வந்து தூக்கிப் போடுது."

"இந்த மருந்தைக் குடி. நல்லா ஒறங்கிருவ."

மஞ்சள் நூல் கட்டிய சாடியை அவிழ்த்தார். காய்ச்சல் பொடியோடு கலந்து ஐந்து பேருக்கு ஐந்து பொட்டலம் மடித்தார். முதல் பொட்டலத்தைத் தேனில் குழைத்து அவள் கையில் கொடுத்தார். அவள் நக்கி உண்டாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள்.

கொஞ்ச நேரம் சென்றது.

"சாமி, ஒதடு மரத்துப் போகுது" என்றாள்.

"காய்ச்சல் எறங்குது தாயி. படுத்துக்க."

"விரலும் மரத்துப் போகுது."

சங்கிலி அடுத்த நோயாளிக்குப் பொட்டலத்தை எடுத்திருந்தார். அவர் கை நின்றது. உள்ளே எங்கோ தூரத்தில் ஒரு மணி அடித்தது போல இருந்தது. எந்த மணி என்றுதான் பிடிபடவில்லை. முப்பிடாதியைப் பார்த்துக்கொண்டே நின்றார். விழித்திருக்கிற மனம் ஒரே தாவில் தாண்டுகிற தூரத்தை அவர் மனம் தவழ்ந்து கடந்தது.

பிறகு மருந்தறைக்கு ஓடினார். மஞ்சள் நூல் சாடியிலிருந்து ஒரு துகளை நாக்கில் வைத்தார். நாக்கு மரத்தது.

திரும்பி ஓடி வந்து அம்மாளைக் கூப்பிட்டார். அம்மாள் ஓடி வந்தார். நஞ்சு முறிவுக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தார்கள். அடுப்பில் அப்போதுதான் உலை வைத்திருந்தார்கள். அது கொதிக்குமுன் முப்பிடாதி இறந்துபோனாள்.

மீதி நான்கு பொட்டலங்களும் வாழை இலையில் வரிசையாக இருந்தன. அம்மாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். சாடியின் நூலைப் பார்த்தார். இரண்டு சாடியையும் பின்பக்கம் கொண்டுபோய் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்.

"நேத்து ஒறங்கினீரா?"

"இல்லம்மா."

"அதுக்கு முந்தின நாளு?"

"இல்ல."

"எத்தனை நாளா?"

"ஒம்பது ராத்திரி."

அம்மாள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "வாரும். அவன்கிட்டச் சொல்லணும்" என்றார்.

கருத்தபாண்டி மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். சங்கிலி அவன் முன் மண்டியிட்டு நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. நூல் மாறியது, தான் ஒன்பது ராத்திரி உறங்காதது, அம்மாளிடம் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடிக்க மாட்டானா என்று இருந்தது அவருக்கு.

கருத்தபாண்டிக்குப் புரிய நேரம் பிடித்தது.

"இவ ஒறங்கிருவான்னு சொன்னீரே" என்றான்.

சங்கிலி தரையைப் பார்த்தார்.

"நீரு ஏன் சாமி ஒறங்கல?"

"உங்க எல்லாத்துக்கும் மருந்து கொடுக்கணுமேன்னு..."

"நாளைக்கு வாடான்னா வந்திருப்பேனே. இவ நடந்துதானே வந்தா. ஒரு நாளு காத்திருக்க மாட்டோமா? காளவாசல்ல கல்லு வேகுறதுக்கு நாங்க மூணு நாளு காத்திருக்கமே சாமி."

யாரையும் தொட விடாமல் அவளைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு போனான். காலையில் அவள் நடந்து வந்த அதே பாதையில்.

மத்தியான வெயிலில் சங்கிலி படியில் உட்கார்ந்திருந்தார். அம்மாள் நோயாளிகளைக் கவனித்துவிட்டு வந்தார்.

"எனக்குத் தண்டனை சொல்லுங்கம்மா."

"போய்ப் படும். ஒறங்கும்."

"அது தண்டனையா?"

"ஒறங்கிப் பாரும். தெரியும்."

சங்கிலி எழுந்திருக்கவில்லை. "என் பெஞ்சாதி போனப்போ நான் ஒறங்கிட்டேன். இவ போனப்போ முழிச்சிருந்தேன். ரெண்டும் போச்சு. நான் என்னம்மா செய்யணும்? நான் எங்க போகணும்?"

அம்மாள் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். குரு கீழ்ப்படியில் உட்கார்ந்து சங்கிலி பார்த்ததில்லை.

"மூணாம் நாளே உம்ம கண்ணைப் பாத்தேன். செவந்து கெடந்தது."

சங்கிலி நிமிர்ந்தார்.

"அஞ்சாம் நாளு கஞ்சி கரிச்சுது. நேத்து உம்ம கை நடுங்கிச்சு. எல்லாத்தையும் பாத்தேன்."

"பெறகு ஏம்மா சாவியைக் கொடுத்தீங்க?"

"வாசல்ல நாப்பது பேரு நின்னாவ. எனக்கு ஒரு ஆளு வேண்டியிருந்துது." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அதனால கேள்வியை மட்டும் கேட்டேன். பதில் வேணும்னு கேக்கல."

ஆறுதல் சொல்வார் என்று சங்கிலி காத்திருந்தார். அம்மாளிடம் ஆறுதல் இல்லை. இருந்திருந்தால் தனக்கே கொஞ்சம் எடுத்துக்கொண்டிருப்பார்.

சங்கிலி போய்ப் படுத்தார். கண்ணை மூடினால் செம்பு கவிழ்ந்தது. இமையைத் திறந்தால் முப்பிடாதி கும்பிட்டாள். ஒன்பது நாள் அவர் விரட்டி அடித்த உறக்கம் இப்போது கூப்பிட்டாலும் வரவில்லை. பொழுது போய்ப் பொழுது வந்தது.

விடிந்ததும் எழுந்து முகம் கழுவினார். படிக்குப் போனார். அம்மாள் வழக்கம்போல மடியில் சாவியோடு இருந்தார்.

"ஒறங்கினீரா?"

"இல்லம்மா."

அம்மாள் தலையசைத்தார்.

"நான் விறகு வெட்டுதேன். இன்னைக்கு நீங்க மட்டும் உள்ள போங்கம்மா" என்று சங்கிலி நகர்ந்தார். நான்கு எட்டு வைத்தவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

அம்மாள் எழுந்திருக்கவில்லை. சாவி மடியிலேயே இருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு குழிகள். சேலைத் தலைப்பைப் பற்றியிருந்த விரல்கள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷத்தில் அந்தப் படியில் அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை.

சங்கிலி திரும்பி வந்தார்.

"அம்மா, நீங்க ஒறங்கினீங்களா?"

"இல்ல."

முற்றத்தில் ஆள்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இருமல் கேட்டது. ஒரு பெண் முனகிக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நாளாம்மா?"

"ஆறு."

அம்மாள் சாவியை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்தார். முடிச்சு ஒரு தரத்தில் விழவில்லை. மூன்றாம் தரம் விழுந்தது.

"வெளிய முப்பது பேருக்கு மேல நிக்காவம்மா."

"தெரியும். போய்ச் சொல்லும், மருந்து நாளைக்குத்தான்னு. கஞ்சியும் தண்ணியும் மட்டும் கொடும். பெறகு நீரும் படும், நானும் படுக்கேன்."

"அதுல யாராவது நாளைக்கு வரைக்கும் தாங்கலைன்னா?"

"தாங்காமப் போகலாம்."

சங்கிலியின் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"அதை எப்படிம்மா நான் அவுக மொகத்தைப் பாத்துச் சொல்லுவேன்?"

"முப்பிடாதிகிட்ட நேத்து எப்படிச் சொல்லியிருக்கணுமோ, அப்படிச் சொல்லும்."